பன்னிரண்டு வரவேற்பு அட்டைகள்

ஜூன் 3, திங்கள்

டீச்சர், என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். மூட்டை தூக்கிய கை. நூறு கிலோ பருப்பு மூட்டைக்கு நடுங்காத கை இந்தப் பேனாவுக்கு நடுங்குகிறது. 'ஞ' எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏதாவது ஓரிடத்தில் பூனை சுருண்டு படுத்திருப்பது போலத் தெரிந்தால் அதை 'ஞ' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேச்சிமுத்து. வயது எழுபத்தொன்று. பஜாரில் ஐம்பது வருடம் சுமை தூக்கினேன். மூட்டையின் மேல் எழுதியிருந்ததையெல்லாம் முதுகில் சுமந்தேன், ஒரு எழுத்தும் உள்ளே இறங்கவில்லை. உங்கள் மாலை வகுப்பில் ஒன்பது பேரில் நானும் ஒருவன். புதன்தோறும் நோட்டைப் பார்ப்பேன் என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இவ்வளவுக்கும் இரண்டு மணி நேரம் ஆனது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆகும். பரவாயில்லை, நடந்தது இன்றுதான்.

மருமகள் அன்னக்கிளி கறி வாங்கிவர ஒயர் கூடையோடு அனுப்பினாள். பெட்ரோல் பங்குக்கு எதிரே இருக்கும் சர்ச்சைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். சுவரில் வேட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திரை. அதில் எழுத்து. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. முந்நூறு பேர் அதைப் பார்த்துப் பாடுகிறார்கள். அதுவும் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். அவர்கள் ஒரு எழுத்தைப் பாடி முடிப்பதற்குள் நான் அதைக் கூட்டி வாசித்துவிடலாம். முந்நூறு பேர் எனக்காக மெதுவாக வாசிப்பது போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பாட்டு முடிந்ததும் போதகர், "முதல் முறையா வந்திருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார். கூடையோடு எழுந்து நின்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பி ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடிக் கை தட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட எனக்காக யாரும் பாடவில்லை.

பிறகு ஒரு அட்டை கொடுத்தார்கள். மேலே 'வரவேற்பு அட்டை'. கீழே பெயர், முகவரி. அதன் கீழே 'நீங்கள் விசுவாசியா?' என்று கேட்டு, 'ஆம்' ஒரு கட்டம், 'இல்லை' ஒரு கட்டம். கடைசியில் 'ஜெப விண்ணப்பம்'.

டீச்சர், எழுபத்தொரு வருடமாக என் முன்னால் எத்தனையோ தாள்கள் வந்தன. ஒவ்வொன்றையும் வேறு யாரோ நிரப்பினார்கள், கடைசியில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். இன்று ஒருவர் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானே நிரப்பினேன். சர்ச் காலியாகி, பெருக்குகிறவர் என் காலைத் தூக்கச் சொல்லிப் பெருக்கிவிட்டுப் போனார். நான் இன்னும் 'பேச்சி'யில்தான் இருந்தேன்.

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எனக்கு ஐயனார் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். அவரும் அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஜெப விண்ணப்பம் என்றால் என்னவென்று போதகரின் மனைவியிடம் கேட்டேன். "உங்களுக்கு என்ன தேவையோ அத எழுதுங்க ஐயா" என்றார்கள். யோசித்து எழுதினேன்: 'மூன்றாவது ஃபேன் கிறீச் என்கிறது. எண்ணெய் விடவும்.'

வாசலில் அட்டைகளைப் போடும் பெட்டி. அதன் சாவி மூப்பர் வேதமுத்துவிடம். சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூப்பராக நாற்பது வருடமாக இருக்கிறாராம். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, ஐயனார் கோயில் குதிரை போல விறைப்பு. என் அட்டையை வாங்கி நன்றாகப் பார்த்து, "ரொம்ப நல்லது" என்று பெட்டிக்குள் போட்டார்.

கறி வாங்க மறந்துவிட்டேன். அன்னக்கிளி பருப்பு வைத்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

மறுபடி போனேன். "முதல் முறையா வந்தவங்க" என்றதும் மறுபடி எழுந்தேன். போன வாரம் பாடிய பாட்டு நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்த மூப்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏன் வே, ஒருக்காதான் எந்திரிக்கணும்."

உட்கார்ந்தேன். ஆனால் அட்டையை ஒரு முறைதான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதினேன். ஃபேன் இன்னும் கிறீச் என்கிறது. என் எழுத்து புரியவில்லை போலிருக்கிறது. இந்த முறை பெரியதாக எழுதினேன்.

ஜூன் 21, வெள்ளி

போதகரின் மனைவி வீடு எங்கே என்று கேட்டிருந்தார்கள். இன்று ஆறு பேராக வந்துவிட்டார்கள். வீட்டுக்காக ஜெபம் செய்தார்கள். ஒரு அம்மா பிரிட்ஜ் மேல் கை வைத்து ஜெபித்தார். கண்ணை மூடியவர்கள் திறக்கவே இல்லை. அன்னக்கிளி போட்ட டீயில் ஆடை படிந்துவிட்டது.

அவர்கள் போனதும் அன்னக்கிளி, "மாமா, ஒங்கள மாத்திருவாங்க" என்றாள்.

"ஏட்டி, எழுபது வயசுக்கு மேல நான் மாறுனதே அ, ஆ படிச்சதுலதான். இனி எவன் மாத்துவான்?"

"பின்ன எதுக்குப் போறீங்க?"

"எழுத்துக்கு."

"எழுத்துக்கா? பஸ் ஸ்டாண்டு முழுக்க எழுதித்தான் போட்டிருக்கான். அங்க போய் வாசிங்க."

அவள் சொல்வது சரிதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் யாரும் என்னோடு சேர்ந்து வாசிப்பதில்லை.

ஜூன் 30, ஞாயிறு

நான்காவது அட்டை. ஃபேன் அப்படியே. 'தயவுசெய்து' என்று சேர்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்கே ஒரு பிரசங்கம் முழுதும் போய்விட்டது.

ஜூலை 4, வியாழன்

மழை. 'ழை' அழகாக வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

இப்போது மூப்பர் பக்கத்தில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவர் மேல் ஆசை இல்லை, அவருக்கும் என் மேல் இல்லை. அங்கிருந்துதான் திரை நேராகத் தெரிகிறது.

பழைய பாட்டு என்றால் மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடி வரை பாடுவார். ஒரு சொல் பிசகாது. இன்று திரையில் புதுப்பாட்டு வந்தது. உடனே அவருக்கு இருமல் வந்தது. வெளியே தண்ணீர் குடிக்கப் போனார். பாட்டு முடிந்ததும் வந்தார். இரண்டாவது புதுப்பாட்டு. மறுபடி இருமல்.

பிரசங்கத்தின்போது சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை. பெப்பர்மிண்ட் இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பதால் எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஒருவர் மூப்பரிடம் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். மூப்பர் அதைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அருமையா போட்டிருக்கீரு" என்றார். பத்திரிகையில் அச்சடித்திருந்த இரண்டு புறாக்களும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர், இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எழுதியது யார் கையில் வேண்டுமானாலும் போகும். இதைப் படிக்கக் கற்ற பிறகுதான் புரிந்துகொண்டேன்.

வேறு ஒன்று சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நிறைய வித்தை தெரியும். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பேன், கண்ணாடியே கிடையாது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "என்னய்யா நாடு இப்படிப் போகுது" என்பேன், எதிரில் இருப்பவர் எல்லாச் செய்தியையும் சொல்லிவிடுவார். நாலு பேர் சிரித்தால் நானும் சிரிப்பேன், ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடிதான் கஷ்டம். என் மனைவி தங்கம்மாளுக்கு மட்டும் தெரியும். நாற்பத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போனாள்.

இன்று எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கெட்ட செய்தி. சபைக் கூட்டத்தில் மூப்பர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். விசுவாசம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் வருகிறவர்கள் ஞானஸ்நான வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளி வராண்டாவில் உட்கார வேண்டும். செப்டம்பர் முதல் தேதி முடிவு செய்வார்களாம்.

வராண்டாவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து திரை தெரியவில்லை. தூண் மறைக்கிறது. பாட்டு கேட்கிறது, எழுத்து தெரியவில்லை. எழுபது வருடம் நான் அப்படித்தான் இருந்தேன்.

மூப்பரிடம் கேட்டுவிட்டேன். "நான் என்ன இடத்தையா தின்னுட்டேன் மூப்பரே?"

"ஒம்ம சொல்லல வே. பொதுவாச் சொன்னேன். நம்பாதவன் நடுவுல உட்கார்ந்தா நம்புறவனுக்குக் கவனம் சிதறும்."

"நீங்க கண்ண மூடித்தான பாடுதீங்க? எப்படிச் சிதறும்?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பெப்பர்மிண்ட் கொடுக்கவில்லை.

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஜூலை 31, புதன்

டீச்சர், பொய்யாக 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டால் என்ன என்று அன்னக்கிளியிடம் கேட்டேன். நான் மதம் மாறிவிடுவேனோ என்று பயந்தவள்தான் அவள். "அதெப்படி மாமா பொய்யா டிக் போடுவீங்க? சாமி விசயம்லா?" என்று என்னையே திட்டினாள்.

எனக்கும் மனம் வரவில்லை. நானே முதன்முதலாக எழுதிய தாளில் பொய் எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அட்டை போட்டேன். 'சபையில் தரும் டீயில் சர்க்கரை இல்லை.'

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விண்ணப்பம் என்ற இடத்தில் இன்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவள் பெயரை மட்டும் எழுதினேன். 'தங்கம்மாள்' என்று இதுவரை நான் எழுதியதே இல்லை. 'ம்மா' நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எனக்கு வேகம் வந்துவிட்டது. இரண்டாவது பாட்டுக்குள் அட்டையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

மூப்பர் பெட்டியைத் திறந்து அட்டைகளை எண்ணி, போதகர் எபநேசர் காதில் ஏதோ சொன்னார். போதகர் மே மாதம்தான் மாற்றலாகி வந்தவர், இளைஞர். பழைய முகம் எது, புது முகம் எது என்று அவருக்கு இன்னும் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் குதித்தார்.

"மூணு மாசத்துல நம்ம சபைக்குப் புதுசா பன்னிரண்டு பேர் வந்திருக்காங்க! எழுந்து நிக்கக் கூச்சப்பட்டாலும் அட்டை எழுதிப் போட்டிருக்காங்க. பன்னிரண்டு! இயேசுவோட சீஷர்களும் பன்னிரண்டு பேர்தான்!" சபை கை தட்டியது. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்துவார்களாம். சபைகளுக்கெல்லாம் தலைமையான திருமண்டலத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறாராம்.

நானும் கை தட்டினேன். மற்ற பதினொரு பேர் யாரென்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு



முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய பன்னிரண்டு நாற்காலிகள். என்னை முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்ற பதினொன்றும் காலி. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. யாரும் வரவில்லை. திருமண்டலப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

போதகர், "கூச்சப்படாதீங்க. பேர் வாசிக்க வாசிக்க வாங்க. நம்ம மூப்பர்தான் இந்த அட்டைகளைப் பத்திரமா சேத்து வச்சவர். அவரே வாசிக்கட்டும்" என்று சொல்லி அட்டைக் கட்டை அவர் கையில் கொடுத்தார்.

மூப்பர் மைக் முன்னால் நின்றார். அட்டையைப் பார்த்தார். அடுத்த அட்டையைப் பார்த்தார். வேர்த்தது. சட்டைப் பையைத் தட்டினார்.

"கண்ணாடிய... வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

முந்நூறு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் எழுந்து தன் கண்ணாடியைக் கழற்றி, "இந்தாங்க மூப்பரே, என்னுதப் போட்டுக்கிடுங்க" என்று நீட்டினார். நல்ல மனுஷன். அந்த நேரத்தில் அவரைவிடக் கொடியவர் உலகத்தில் இல்லை.

அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே நான் பல தடவை நின்றிருக்கிறேன். ரேஷன் கடையில், பாங்கில், ஆஸ்பத்திரியில் தங்கம்மாளுக்கு எந்த மாத்திரை எப்போது என்று கேட்டபோது.

எழுந்து போனேன். "அடுத்தவன் கண்ணாடி கண்ணக் கெடுக்கும். நான் வாசிக்கேன்" என்று அட்டைகளை வாங்கிக்கொண்டேன். மூப்பரின் கை சில்லென்று இருந்தது.

முதல் அட்டையைப் பார்த்ததும் மற்ற பதினொரு பேரும் யாரென்று தெரிந்துவிட்டது.

டீச்சர், என் வாழ்க்கையில் முதன்முதலாக ஊருக்கு முன்னால் வாசித்தேன். வாசித்தது என் பெயரைத்தான், பன்னிரண்டு தடவை.

"பேச்சிமுத்து. விசுவாசியா? இல்லை. மூன்றாவது ஃபேன் கிறீச் என்கிறது. எண்ணெய் விடவும்."

அடுத்த அட்டையை எடுத்தேன்.

"பேச்சிமுத்து. விசுவாசியா? இல்லை. மூன்றாவது ஃபேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்."

பின்னால் யாரோ 'க்ளுக்' என்றார்கள். எல்லோரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்கள். அது கிறீச் என்றது. அவ்வளவுதான், சபை வெடித்துவிட்டது. 'திரையில் எழுத்தை மாற்றுகிறவர் அவசரப்படுகிறார், நான் இன்னும் கடைசி வரியை முடிக்கவில்லை' என்பதற்குப் போதகரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். 'போன வாரப் பிரசங்கம் நீளம், ஆனால் நல்ல தூக்கம் வந்தது, நன்றி' என்றபோது போதகரே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருமண்டலப் பெரியவர் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோராவது அட்டை வந்தது. "பேச்சிமுத்து. இல்லை. தங்கம்மாள்." அதற்கு மேல் கொஞ்ச நேரம் எனக்கு வாசிக்க வரவில்லை. எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துத்தான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. பாட்டுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்கள்.

பிறகு கடைசி அட்டை. "பேச்சிமுத்து. விசுவாசியா? ஆம், இல்லை இரண்டிலும் டிக் இல்லை. பக்கத்தில் நான் மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்திருக்கிறேன். அதில் 'வந்து உட்காருகிறேன்' என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன்."

மைக்கை விடுவதற்கு முன் சொன்னேன்: "தப்பு என்னோடதுங்கய்யா. அட்ட கெடைச்சா எழுதாம இருக்க முடியல. கண்ணாடி இல்லாமப் பாத்தா பன்னிரண்டும் வேற வேற மாதிரித்தான் தெரியும். என் எழுத்து ஒரு வாரம் இருக்குத மாதிரி மறு வாரம் இருக்காது. மூப்பர் என்ன செய்வாரு?"

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு உங்களுது இல்லய்யா. மூணு மாசமா ஒருத்தர் எழுதிக்கிட்டே இருந்திருக்கார். நாங்க எண்ணினோம், எடுத்து வாசிக்கல." பிறகு சபையைப் பார்த்தார். "வராண்டா விசயம் இன்னைக்கு முடிவு செய்யணும். யோசனை சொன்னவரே சொல்லட்டும். மூப்பரே?"

மூப்பர் மெதுவாக எழுந்தார். என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

"வராண்டா வேண்டாம். அவரு என் பக்கத்துலயே இருக்கட்டும்." தொண்டையைச் செருமினார். "எனக்கு அடிக்கடி கண்ணாடி மறந்து போவுது."

பன்னிரண்டு பொன்னாடையையும் எனக்கே போர்த்திவிட்டார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்தபோது அன்னக்கிளி வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, மாத்திட்டாங்களா?" என்றாள்.

"இல்லட்டி. போர்த்திட்டாங்க."

இரண்டு பொன்னாடையை ஜன்னலுக்குத் திரை தைக்க எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூப்பர் வீட்டுக்கு வந்தார். தனியாக. "கண்ணாடிக் கடைக்குப் போற வழி, சும்மா எட்டிப் பாத்தேன்" என்றார். எங்கள் தெருவில் கண்ணாடிக் கடை கிடையாது.

அன்னக்கிளி டீ கொடுத்தாள். அவர் ஜெபம் செய்யவில்லை, சூடாகக் குடித்தார். ஃபேனுக்கு அவரே ஏணி போட்டு எண்ணெய் விட்டதாகச் சொன்னார். பிறகு இந்த நோட்டைப் பார்த்தார். ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்னது வே, பூன படுத்திருக்க மாதிரி?" என்றார்.

"அது 'ஞ' மூப்பரே. ஞாயித்துக்கிழமைக்கு மொத எழுத்து."

"ஓஹோ" என்றார். விரலை எடுக்கவில்லை. அந்தப் பூனையை மேலிருந்து கீழே, மெதுவாக, இரண்டு தடவை தடவினார். போகும்போது கண்ணாடிக் கூட்டைத் திறந்து, இருந்த பெப்பர்மிண்ட் எல்லாவற்றையும் என் கையில் கொட்டினார்.

அவர் எதற்காக வந்தார் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் டீச்சர், நாளை இதைப் பார்த்த பிறகு, அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒரு சிலேட் கூடுதலாகக் கொண்டுவர முடியுமா? பத்தாவது ஆள் வந்தால் பெயர் கேட்காதீர்கள், எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், பாடவும் வேண்டாம். என் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த பக்கத்தின் மேலே 'செப்டம்பர் 8, ஞாயிறு' என்று இப்போதே எழுதிவிட்டேன். அதில் 'ஞ' மட்டும் நான் எழுதியது இல்லை. தேதி போட்ட பக்கத்தைக் காலியாக விட எனக்கு மனம் வராது. ஆகவே அன்றைக்கு ஃபேன் சத்தம் போட்டதா இல்லையா என்பதை அங்கே எழுதி வைப்பேன்.